மளிகை லிஸ்ட்டோட வரலாறு: மாசம் ஒரு தடவையா, தினம் ரெண்டு தடவையா?

(எபிசோடின் ஆடியோவிலிருந்து, வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்.)

வேலைக்குச் சேர்ந்து, தனியா வீடு எடுத்த எல்லாரும் முதல் மூணு மாசத்துக்குள்ள கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. மளிகைச் சாமான் மாசத்துக்கு ஒரு தடவை வாங்கணுமா, வாரத்துக்கு ஒரு தடவையா, இல்ல தேவைப்படும்போது மட்டுமா? யூடியூப்ல இதுக்குப் பதில் கொட்டிக் கிடக்கு. லிஸ்ட் போடுங்க, பசியோட கடைக்குப் போகாதீங்க, மொத்தமா வாங்கினா மிச்சம். எல்லாம் சரிதான். ஆனா ஒரு விஷயத்தைக் கேட்காமலே தாண்டிப் போயிடுறாங்க: உங்களுக்குக் காசு எப்ப கைக்கு வருது?

இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான். நம்ம ஊர்ல கடைக்கு எத்தனை தடவை போறோம்கிறதை யார் முடிவு பண்ணாங்க, எப்படி மாறிச்சு, அதுல யாருக்கு என்ன செலவாச்சு.

நான் இருக்கிறது பெரும்பாக்கம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: சோழிங்கநல்லூர்ல இருந்து மேடவாக்கம் போற ரோடு, பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குத் தெற்கே. இங்க அபார்ட்மென்ட் கேட்டுக்கு முன்னாடி நாள் முழுக்க டெலிவரி பைக் வந்துக்கிட்டே இருக்கும். ஒரு கொத்தமல்லிக் கட்டு, ஒரு பாக்கெட் தயிர், அவ்வளவுதான் பையில. கொஞ்ச தூரம் தள்ளி எழில் நகர்ப் பக்கம் போனா வாரியக் குடியிருப்பு. எட்டு மாடிக் கட்டடங்கள், 20,000-க்கும் மேல வீடுகள். அங்க இருக்கிற சின்னக் கடைகள்ல சாயங்காலம் நின்னு பாருங்க. பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய்க்கு மிளகாய்த்தூள், ரெண்டு முட்டை. ரெண்டு இடத்திலேயும் தினமும்தான் வாங்குறாங்க. ரெண்டு பேரும் மாசச் சாமான் வாங்குறதில்லை. ஆனா காரணம் நேர் எதிர்.

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். அதுக்குத் தோதா, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் நம்ம பெரும்பாக்கத்துலயே இருக்கு. 2022-ல புதுக் கட்டடம் திறந்தாங்க. அங்க பதிப்பிக்கிற பழைய நூல்கள்ல நாளங்காடி, அல்லங்காடின்னு ரெண்டு சொல் வரும். பகல் கடைத்தெரு, ராத்திரி கடைத்தெரு. மதுரை, புகார் மாதிரி பெரிய நகரத்துல எந்த நேரமும் கடை உண்டு. ஆனா அது நகரத்துக்காரங்களோட வசதி. உள்நாட்டு ஊருக்கு உப்பே உமணர்களோட வண்டி வந்தாத்தான். வண்டி எப்ப வருதோ அப்ப வாங்கி வெச்சுக்கணும்.

விவசாய வீட்டுல வேற கணக்கு. அறுவடைக்கு அறுவடை நெல் குதிர்ல ஏறிடும். புளி மாசி, பங்குனியில வரும். கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பானையில அடைச்சா அடுத்த வருஷம் வரைக்கும் அதுதான். மிளகாய் வத்தலும் அப்படித்தான். நம்ம பாட்டிகள் 'வருஷத்துப் புளி'ன்னு சொன்னது இதைத்தான். ஒரு பொருளுக்கு வருஷத்துல ஒரே ஒரு ஷாப்பிங் ட்ரிப்! ஆனா இதுக்கு நிலம் வேணும், குதிர் வெக்க வீட்டுல இடம் வேணும். கூலிக்குப் போனவங்க வீட்டுல குதிர் இல்லை.

நடுவுல இருந்தது வாரச் சந்தை. தமிழ்நாட்டு மேப்பைத் திறந்து பாருங்க, கிழமையே ஊர்ப் பேரா நிக்கும். நாமக்கல் பக்கம் புதன்சந்தை, குமரி மாவட்டத்துல வெள்ளிச்சந்தை, சேலத்துல செவ்வாய்ப்பேட்டை. ஒரு வட்டாரத்துல ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை. வியாபாரி சுத்தி வருவார், சனங்க தங்கள் ஊர் நாளுக்குக் காத்திருப்பாங்க. நம்ம பக்கத்துல இன்னும் உயிரோட இருக்கிறது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடி, கோழி, பழைய சைக்கிள், ரிப்பேரான ரேடியோ எல்லாம் கிடைக்கும். இன்னிக்கு அது மளிகைக்கான இடமாத் தெரியாது. வாரக் கூலி இருக்கிற ஊர்கள்ல இந்தத் தாளம் இன்னும் கேட்கும். திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை கடைத்தெருவுல கால் வைக்க இடம் இருக்காது. சந்தை நாளும் கூலி நாளும் ஒண்ணையொண்ணு பார்த்துத்தான் அமைஞ்சிருக்கு.

சரி, 'மாசச் சாமான்' எப்ப வந்துச்சு? மாசச் சம்பளம் வந்தப்ப. மெட்ராஸ்ல கவர்மென்ட் ஆபீஸ், ரயில்வே, பேங்க், ஸ்கூல்னு முதல் தேதிச் சம்பளக்காரங்க ஒரு கூட்டமா உருவானாங்க. அவங்களுக்காக அவங்களே ஆரம்பிச்ச கடைதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம், எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் டியூசிஎஸ். 1904-ல தொடங்கினது. வி.எஸ். சீனிவாச சாஸ்திரி அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். இந்தியாவுல நுகர்வோர் கூட்டுறவுக்கு அது முன்னோடி. சம்பளக்காரங்க கொஞ்சம் கொஞ்சம் முதல் போட்டு, மொத்தமா வாங்கி, தங்களுக்குள்ள வித்துக்கிறது. கையில முதல் இருக்கிறவங்களால மட்டும்தான் இதைச் செய்ய முடியும்.

முதல் இல்லாதவங்களுக்கு? அங்கதான் அண்ணாச்சி வர்றார். தென் மாவட்டங்கள்ல இருந்து, முக்கியமா திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து வந்து, மெட்ராஸ்ல தெருவுக்குத் தெரு மளிகைக்கடை வெச்சவங்க. லிஸ்ட் கொடுத்தா, பேப்பர்ல பொட்டலம் மடிச்சு, சணல் சுத்தி, சாயங்காலத்துக்குள்ள பையன் சைக்கிள்ல வீட்டுக்கே கொண்டு வந்து தருவான். (பத்து நிமிஷ டெலிவரி புதுக் கண்டுபிடிப்புன்னு சொல்றவங்க கொஞ்சம் நிதானிக்கலாம்.) ஆனா அண்ணாச்சி விக்கிறது பருப்பு மட்டும் இல்லை. அவர் கிட்ட ஒரு கணக்கு நோட்டு இருக்கும். நடுமாசத்துல காசு இல்லேன்னா 'எழுதிக்கங்க அண்ணாச்சி', அவ்வளவுதான். வட்டின்னு தனியா எதுவும் கிடையாது. விலையில கொஞ்சம் இருக்கும், எடையில கொஞ்சம் இருக்கலாம், அது அவரவர் அண்ணாச்சியைப் பொறுத்தது. உண்மையில அவர் தன் முதலைப் போட்டு உங்க சமையலறையை நடத்தினார். நடுத்தர வர்க்கம் தன்னோட சிக்கனம்னு பெருமையாச் சொல்லிக்கிற மாசக் கணக்குல பாதி, அண்ணாச்சியோட முதல்.

இப்ப கொஞ்சம் இன்ஜினியரிங். காலேஜ்ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் படிச்சவங்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். 1913-ல அமெரிக்காவுல ஃபோர்ட் விட்மன் ஹாரிஸ்னு ஒருத்தர், காலேஜ் பக்கமே போகாத இன்ஜினியர், தொழிற்சாலை நிர்வாகப் பத்திரிகை ஒண்ணுல சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு தடவையில எவ்வளவு சரக்கு வாங்கணும் அல்லது செய்யணும்கிறதுதான் கேள்வி. ரெண்டு செலவு எதிர் எதிரா இழுக்குது. ஒவ்வொரு தடவை ஆர்டர் போடவும் ஒரு செலவு. வாங்கினதை வெச்சிருக்கவும் ஒரு செலவு. ரெண்டும் சமமாகிற இடம்தான் சரியான அளவு. வருஷத் தேவையை ட்ரிப் செலவால பெருக்கி, ரெண்டால பெருக்கி, வெச்சிருக்கும் செலவால வகுத்து, வர்க்கமூலம் எடுக்கணும். இதுதான் ஈஓக்யூ. வேடிக்கை என்னன்னா, ஃபார்முலா உலகம் முழுக்கப் பரவிச்சு, ஆனா அவரோட மூலக் கட்டுரையைப் பல பத்து வருஷம் யாரும் பார்க்கவே இல்லை. 1980-களோட கடைசியிலதான் தேடி எடுத்தாங்க.

இதை நம்ம ரோட்டுக்கு இறக்குவோம். நம்பர் எல்லாம் கணக்குக்காக நானே வெச்சது. ஒரு குடும்பத்துக்கு மாசம் 6,000 ரூபாய்க்குக் கெட்டுப்போகாத சாமான் வேணும்னு வெச்சுக்கங்க, நாளைக்கு 200. ஒரு தடவை பெரிய கடைக்குப் போய் வர ஆட்டோவும் நேரமும் சேர்த்து 150 ரூபாய். சம்பளக்காரருக்குக் காசோட விலை ரெண்டு வட்டி, அதாவது மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபாய். போட்டுப் பார்த்தா ஒரு ட்ரிப்புல ஏறக்குறைய 9,500 ரூபாய்க்கு வாங்கணும், 47 நாளைக்கு ஒரு தடவை போனாப் போதும். மாசச் சாமானுக்கு ஹாரிஸே கையெழுத்துப் போட்டுட்டார்.

இப்ப அதே குடும்பம், அதே சாப்பாடு. கையில முதல் இல்லை, கடன் வாங்கினா பத்து வட்டி. பக்கத்துக் கடைக்கு நடந்து போக ரெண்டு ரூபாய் மதிப்புள்ள நேரம். ஃபார்முலா சொல்ற அளவு 490 ரூபாய். ரெண்டரை நாளைக்கு ஒரு தடவை. இது பத்து வட்டிக்காவது காசு கிடைக்கும்கிற நிலைமையில. இன்னிக்குக் கூலி 400 வந்து, அதுலதான் பஸ், மருந்து, குழந்தைக்குப் பென்சில் எல்லாம்னா, 490-க்கே வழி கிடையாது. சின்னச் சின்னதா வாங்குறவங்களுக்குத் திட்டமிடத் தெரியலைன்னு சொல்றவங்ககிட்ட நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். அவங்க ஆப்டிமைஸ் பண்ணித்தான் வாங்குறாங்க. இன்புட் வேற, அதனால அவுட்புட் வேற.

இதை எந்த மேனேஜ்மென்ட் குருவுக்கும் முன்னாடி புரிஞ்சுக்கிட்டவர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். ஷாம்பு, டால்கம் பவுடர் மாதிரி பொருட்களைச் சின்னச் சின்னப் பாக்கெட்ல கொடுத்தா கூலிக்காரங்களும் வாங்குவாங்கன்னு நம்பினவர். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு சாஷேவைப் பெரிசாக்கினாங்க; அதுல ஒருத்தர், சி.கே. ரங்கநாதன், 1983-ல 15,000 ரூபாயோட தனியா வந்து சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். பெட்டிக்கடையில சரம் சரமாத் தொங்குற பாக்கெட்டுகள் எல்லாம் அந்த வழி வந்ததுதான். சாஷேவுல மில்லிக்கு விலை கூடுதலா குறைவாங்கிறது பொருளுக்குப் பொருள் மாறும். ஆனா பத்து ரூபாய் எண்ணெய்ல லிட்டர் கணக்குப் போட்டா, மொத்தமா வாங்குறவரை விட இவர் அதிகம் கொடுக்குறார். அந்த வித்தியாசம்தான் வீட்டுல முதல் இல்லாததுக்கு அவர் தினமும் கட்டுற வட்டி.

அரசாங்கம் இதுல எங்க வருது? ரேஷன்ல. ரெண்டாம் உலகப்போர்ச் சமயத்துல, 1943-ல, மெட்ராஸ்ல ஆளுக்கு இத்தனை அவுன்ஸ்னு அளந்து கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1952-ல ராஜாஜி முதலமைச்சரானதும் கட்டுப்பாட்டை எடுத்தார். அறுபதுகள்ல அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தல்ல 'ரூபாய்க்கு மூணு படி அரிசி'ங்கிறது ஆட்சியையே மாத்துற அளவுக்குப் பெரிய பேச்சு. 1972-ல தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 1997-ல மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும்னு சுருக்கினப்ப, தமிழ்நாடு எல்லாருக்கும்னே வெச்சுக்கிட்டது. 2007-ல துவரம்பருப்பு, பாமாயில் சேர்ந்தது. இன்னிக்கும் பருப்பு கிலோ 30, எண்ணெய் லிட்டர் 25. 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசம்.

இதை நலத்திட்டம்னுதான் எல்லாரும் பேசுவாங்க. நம்ம கணக்குல வெச்சுப் பாருங்க: தினக்கூலி வீட்டுக்கு இந்த ஊர்ல கிடைக்கிற ஒரே மாசச் சாமான் ரேஷன்தான். அண்ணாச்சி கணக்கு நோட்டுல போட்ட முதலை, இங்க சர்க்கார் போடுது. அரிசி மாசக் கணக்குல, குழம்பு தினக் கணக்குல. அந்த வீட்டோட காலண்டரே ரேஷன் கடையைச் சுத்தித்தான். மாசத்துல முதல் ரெண்டு வெள்ளிக்கிழமை கடை லீவு, அதுக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை திறந்திருக்கும். நமக்கு இது பொது அறிவுக் கேள்வி, அவங்களுக்கு இது ஒரு நாள் கூலி.

பெரும்பாக்கத்துக்குத் திரும்ப வர்றேன். 1970-ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்ப, பெரும்பாலும் குடிசை இருந்த இடத்துலயே மாடிக் கட்டடம் கட்டிக் கொடுத்தாங்க. வீடு மாறும், கடை மாறாது. பிறகு அது மாறிச்சு. 2000-த்துல கண்ணகி நகர், 2004 சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகள்ல இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை இங்க கொண்டு வந்தாங்க. சிந்தாதிரிப்பேட்டையில இருந்து இங்க ஏறக்குறைய 25 கிலோமீட்டர்.

அந்த 25 கிலோமீட்டர்ல என்ன போச்சுன்னா, தினமும் கொஞ்சமா வாங்கி வாழுறதுக்குத் தேவையான மொத்த அமைப்பும். சிந்தாதிரிப்பேட்டையில மீன் மார்க்கெட் பக்கத்துலயே. நேரம் ஆக ஆக மீன் விலை இறங்கும், காயும் இறங்கும். அந்த நேரத்துக்குப் போகத் தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு கலை. பாத்திரம் தேய்க்கப் போற வீடு நடந்து போற தூரத்துல. தெரிஞ்ச கடைக்காரர் எழுதிக்குவார். இங்க வந்து இறங்கினப்ப நோட்டுல பேர் இல்லை, கடைக்காரருக்கு முகம் தெரியாது. அட்டையைப் புது விலாசத்துக்கு மாத்துற வரைக்கும் ரேஷனும் பழைய ஏரியாவுலதான். ட்ரிப் செலவு ஒரே நாள்ல பல மடங்காச்சு, கையில முதல் ஒரு பைசா கூடல. ஹாரிஸ் கிட்டக் கேட்டா, ட்ரிப் செலவு கூடிடுச்சு, மொத்தமா வாங்குங்கன்னு சொல்லுவார். எந்தக் காசுல?

அதுக்குப் பதில் அந்தக் குடும்பங்களே கண்டுபிடிச்சாங்க. கட்டடத்துக்குக் கீழே, மாடி வராண்டாவுல, வீட்டு முன்னறையில கடை. யாரோ ஒருத்தர் மார்க்கெட் போய் மூட்டை கொண்டு வந்து, கூறு கட்டி வித்து, தெரிஞ்சவங்களுக்கு எழுதிக்கிட்டு. அண்ணாச்சி நோட்டு மறுபடி முதல் பக்கத்துல இருந்து தொடங்கிச்சு. லிஃப்ட் வேலை செய்யாத நாள்ல ஏழாவது மாடிக்கு இருபது கிலோ அரிசியைத் தூக்கிட்டுப் போறவருக்கு, அஞ்சாவது மாடியில இருக்கிற முன்னறைக் கடை எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

சூப்பர் மார்க்கெட் கதையை வேகமாச் சொல்லிடுறேன், அதுக்குத் தனி எபிசோட் வேணும். 1996-ல ஃபுட்வேர்ல்ட், 1997-ல திருவான்மியூர்ல முதல் சுபிக்‌ஷா. ஏசி இல்லாம, பக்கத்துத் தெருவுல, குறைஞ்ச விலைங்கிறது சுபிக்‌ஷா ஐடியா. நாடு முழுக்க 1,600 கடை வரைக்கும் போய், 2009-ல காசு முடங்கி நின்னுடுச்சு.

எல்லாரையும் ஒரே சமயத்துல மொத்தமா வாங்க வெச்சா என்ன ஆகும்னு நம்ம ஊர் ஒரு தடவை பார்த்திருக்கு. 2020 ஏப்ரல் 24-ம் தேதி, சென்னையில 26-ல இருந்து நாலு நாள் முழு ஊரடங்குன்னு அறிவிச்சாங்க. மளிகைக்கடையும் கிடையாது. நடுவுல இருந்தது ஒரே நாள், 25-ம் தேதி சனிக்கிழமை. கோயம்பேடு, 1996-ல கொத்தவால் சாவடி நெரிசலைக் குறைக்கத் திறந்த அதே மார்க்கெட், அன்னிக்குத் தலைகளா இருந்துச்சு. அடுத்த சில நாள்ல கோயம்பேட்டுத் தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம்னு பரவிச்சு, மே 5-ம் தேதி மார்க்கெட்டையே மூடித் திருமழிசைக்கு மாத்தினாங்க. சர்வர் பாஷையில சொன்னா, நாலு நாள் டிராஃபிக்கை ஒரே நாள்ல அனுப்பினோம். ஆச்சரியம் என்னன்னா, அதே மாசம் அதே அரசு ரேஷன் கடையில நாளும் நேரமும் போட்ட டோக்கன் கொடுத்து, 1,000 ரூபாயும் சாமானும் வரிசையாக் கொடுத்துச்சு. கூட்டத்தைப் பிரிக்கத் தெரியாம இல்லை.

இப்ப ரெண்டு பக்கத்துக்கும் ட்ரிப் செலவு இறங்கியிருக்கு. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதுல ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. எழில் நகர்ல இருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கோ சைதாப்பேட்டைக்கோ போய் ஒரு வாரக் காய் வாங்குறது இப்ப கணக்குக்கு வருது. நேரம் மட்டும் இலவசம் ஆகலை. அபார்ட்மென்ட் பக்கம், ஆப் வந்து ட்ரிப் செலவை நம்மகிட்ட இருந்து எடுத்து, மழையில பைக் ஓட்டுற ஒரு பையன்கிட்ட கொடுத்திருச்சு. நமக்குப் பூஜ்யமாத் தெரியுது, அதனால தினம் மூணு ஆர்டர். அந்தப் பையன் பார்சலைக் கொடுத்துட்டு எங்க போய்ப் பத்து ரூபாய் எண்ணெய் வாங்குவார்னு யோசிச்சா, பல பேருக்குப் பதில் ரோட்டைத் தாண்டி இருக்கு.

கேள்வி கேட்டவங்களுக்கு நேரடிப் பதில். மாசச் சம்பளம்னா அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு ஒண்ணரை மாசத்துக்கு ஒரு தடவை. காய் வாரம் ரெண்டு தடவை. பாலுக்கு ஆவின் மாதாந்திர அட்டை, விலையும் குறையும், தினமும் யோசிக்கவும் வேண்டாம். வாரக்கூலியோ கிக் வேலையோன்னா, ரூம்மேட்ஸ் நாலு பேர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரிச்சுக்கங்க. 1904-ல திருவல்லிக்கேணியில செஞ்சது அதுதான்.

ஒரு அப்டேட்டும் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு ஆரம்பிச்சு, வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் சாமானை வேன்ல வெச்சு வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கிறாங்க. எடை மெஷின், பில் மெஷின் எல்லாம் வண்டியிலயே. எட்டு மாடிக் கட்டடத்துல வண்டி நிக்கிற இடத்துல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் யார் தூக்குறாங்கன்னு உங்க பிளாக்ல பார்த்தவங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுக்கு வேணும்.